காலை இழந்தார், கலையில் வென்றார்!

நீல நிற ஜாடி. அதன் மேல் பால் போன்ற வெள்ளை உருவங்கள்.

நீண்ட அங்கி உடுத்திய பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். இசைத் தெய்வம் ஒன்று யாழ் மீட்டுகிறது. சிறகு முளைத்த குதிரை மேகத்தின் மீது நிற்கிறது.

இந்த உருவங்கள் தூரிகையால் எழுதியவை அல்ல. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். கண், மூக்கு, துணியின் மடிப்பு எல்லாம் எழும்பி நிற்கும்.

நீலமும் மண். வெள்ளையும் மண். நெருப்பில் வெந்த மண்!

இந்த வகைப் பாத்திரத்துக்கு ஜாஸ்பர் என்று பெயர். இங்கிலாந்து நாட்டில் பிறந்தது. உலகத்தின் பெரிய அரண்மனைகளிலும் பொருட்காட்சி சாலைகளிலும் இடம் பிடித்தது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு குயவர். பெயர் ஜோசையா வெட்ஜ்வுட்.

அவர் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். அவருக்கு இருந்தது ஒரே கால். இன்னொன்று மரக்கால்!

கடைசிப் பிள்ளை

இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே பர்ஸ்லெம் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் சூளைகள். எங்கே பார்த்தாலும் புகை.

வீதியில் நடப்பதே கஷ்டம். குயவர்கள் களிமண்ணுக்காக வீதியிலேயே பள்ளம் தோண்டிவிடுவார்கள். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

அந்த ஊரில் ஒரு குயவர் வீட்டில், 1730-ம் ஆண்டு ஜோசையா பிறந்தான். நிறையப் பிள்ளைகள் உள்ள வீடு. அவன்தான் கடைக்குட்டி.

ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். தொழில் மூத்த அண்ணன் தாமஸ் கைக்குப் போனது. ஜோசையா சின்ன வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டான்.

சக்கரத்தில் மண்ணை வைத்து வனைவதில் பையன் கெட்டிக்காரன். அவன் கை பட்டால் மண் சொன்னபடி கேட்கும். பெரிய குயவனாக வருவான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்பொழுது வந்தது பெரியம்மை!

முழங்கால் போயிற்று

ஜோசையாவுக்கு அப்பொழுது சுமார் 11 வயது. உடம்பு முழுவதும் அம்மை போட்டுவிட்டது. பிழைப்பானா என்று வீட்டார் கலங்கினார்கள்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் அம்மை போகும்போது ஒன்றைக் கொண்டு போய்விட்டது. வலது முழங்காலின் பலம் போய்விட்டது. காலை ஊன்றினால் வலி.

அந்தக் காலத்துக் குயவன் சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுற்றுவான். கால் உதைக்க வேண்டும். கை வனைய வேண்டும்.

ஜோசையாவுக்குக் கை இருந்தது. உதைக்கக் கால் இல்லை!

அப்படியும் அவன் தொழிலை விடவில்லை. 1744-ம் ஆண்டு அண்ணனிடமே தொழில் கற்கும் மாணவனாகச் சேர்ந்தான். ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம்.

சக்கரத்தில் அதிக நேரம் உட்கார முடியவில்லை. ஆகவே மற்ற வேலைகளில் கவனம் செலுத்தினான். எந்த மண்ணோடு எதைச் சேர்த்தால் என்ன நிறம் வரும்? எவ்வளவு சூட்டில் வெந்தால் வெடிக்காது? மேலே பூசும் மெருகு ஏன் சில சமயம் கொப்புளிக்கிறது?

இப்படியே கேள்வி மேல் கேள்வி. கேள்விக்கு விடை தேடிச் சோதனை மேல் சோதனை.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பிள்ளைகுட்டிக்காரர். தம்பி மண்ணையும் விறகையும் வீணாக்குகிறான் என்று நினைத்தார். தொழிலில் பங்கு கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்.

ஜோசையா வெளியேறினார்.

ரகசிய நோட்டு

சில காலம் வேறு கூட்டாளிகளுடன் வேலை பார்த்தார். 1754-ம் ஆண்டு தாமஸ் வீல்டன் என்ற பெரிய குயவருடன் கூட்டுச் சேர்ந்தார். வீல்டன் நல்லவர். இளைஞரின் சோதனைகளுக்குத் தடை சொல்லவில்லை.

அங்கேதான் ஜோசையா ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண். எந்த மண், எவ்வளவு, சூளையில் எந்த இடம், முடிவு என்ன என்று எல்லாவற்றையும் எழுதினார்.

சரியாக வந்ததை மட்டும் எழுதவில்லை. கெட்டுப்போனதையும் எழுதினார்!

பிறர் படித்துவிடக் கூடாது அல்லவா? அதனால் பொருள்களின் பெயரை எழுதாமல் ரகசியக் குறிகளைப் போட்டார்.

விரைவிலேயே பலன் கிடைத்தது. பளபளப்பான பச்சை மெருகு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைப் பூசி, காலிபிளவர் வடிவத்தில் தேநீர்க் கூஜா செய்தார்கள். மேலே வெள்ளைப் பூ; கீழே பச்சை இலை. அன்னாசிப் பழ வடிவத்திலும் செய்தார்கள். ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

1759-ம் ஆண்டு ஜோசையா சொந்தத் தொழில் தொடங்கினார். இடம், அதே பர்ஸ்லெம். உறவினருக்குச் சொந்தமான சிறு தொழிற்கூடத்தை வாடகைக்கு எடுத்தார். அப்பொழுது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

நண்பர் கிடைத்தார்

1762-ம் ஆண்டு வியாபார விஷயமாக லிவர்பூல் நகருக்குக் குதிரையில் போனார். வழியில் முழங்காலில் அடிபட்டது. ஊர் போய்ச் சேர்ந்ததும் படுத்த படுக்கையாகிவிட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டர் தம் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். நோயாளிக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

வந்தவர் தாமஸ் பென்ட்லி. வியாபாரி, நன்றாகப் படித்தவர். பழைய கிரேக்க, ரோமானியக் கலைகள் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். படுக்கையில் இருந்த குயவர் பசியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சிநேகம் 18 ஆண்டு நீடித்தது. பின்பு பென்ட்லி தொழிலிலும் பங்காளி ஆனார்.

கால் வலி கொடுத்த கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் உயிர் நண்பரைக் கொடுத்ததும் அதே கால் வலிதான்!

பெண் கொடுக்கத் தயக்கம்

உறவுப் பெண் சாராவை மணக்க ஜோசையா விரும்பினார். சாராவுக்கும் சம்மதம். ஆனால் பெண்ணின் தகப்பனார் பணக்காரர். ஒரு குயவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று தயங்கினார். பெண்ணுக்குத் தரும் சொத்துக்கு ஈடாக மாப்பிள்ளையும் சொத்துக் காட்ட வேண்டும் என்றார்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. முடிவில் 1764-ம் ஆண்டு ஜனவரி மாதம் திருமணம் நடந்தது.

சாரா அடுப்படியோடு நிற்கவில்லை. கணவரின் ரகசியக் குறிகளைக் கற்றுக்கொண்டார். சோதனைகளுக்கு உதவினார். புதிய பாத்திரம் கைக்கு வாகாக இருக்கிறதா, ஊற்றும்போது சிந்துகிறதா என்று சொல்வார். அவருடைய பேச்சை ஜோசையா தட்டமாட்டார்.

ராணியின் தேநீர்ப் பாத்திரம்

அந்தக் காலத்தில் பணக்காரர்கள் சீனாவிலிருந்து வந்த பீங்கானில் சாப்பிட்டார்கள். விலை அதிகம். மற்றவர்களுக்கு முரட்டு மண் பாத்திரம்தான்.

ஜோசையா நடுவழி ஒன்று கண்டார். வெள்ளைக் களிமண்ணையும் பொடி செய்த சிக்கிமுக்கிக் கல்லையும் சேர்த்து, பாலேடு நிறத்தில் மெல்லிய பாத்திரம் செய்தார்கள் அந்தப் பகுதிக் குயவர்கள். அதை அவர் இன்னும் திருத்தினார். பாத்திரம் லேசாக இருந்தது. வழவழப்பாக இருந்தது. விலையும் குறைவு.

1765-ம் ஆண்டு அரண்மனையிலிருந்து ஆர்டர் வந்தது. சார்லட் ராணிக்குத் தேநீர்ப் பாத்திரங்கள் வேண்டும். தங்க நிறத் தளத்தில் பச்சைப் பூக்கள் எழும்பி நிற்க வேண்டும். கடினமான வேலை. மற்றக் குயவர்கள் ஏற்கவில்லை.

ஜோசையா ஏற்றார். செய்து முடித்தார்.

ராணிக்கு மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு, ராணியின் குயவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள அனுமதி கிடைத்தது. உடனே பாலேடு நிறப் பாத்திரத்துக்கு ராணிப் பாத்திரம் என்று பெயர் வைத்தார். ராணி சாப்பிடும் பாத்திரம் என்றால் கேட்க வேண்டுமா? சீமாட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

குதிரைக்குப் பதில் படகு

சாமான் நன்றாக இருந்தது. ஆனால் வெளியூருக்கு அனுப்புவது எப்படி?

பொதிக் குதிரையின் முதுகில் கூடை கட்டிப் பாத்திரங்களை ஏற்றுவார்கள். சாலையோ குண்டும் குழியும். ஊர் போய்ச் சேர்வதற்குள் பல பாத்திரங்கள் உடைந்துவிடும். வெள்ளைக் களிமண்ணும் தூரத்திலிருந்து கப்பலில் வந்து, குதிரை முதுகில் ஏறித்தான் பர்ஸ்லெம் வரவேண்டும்.

நல்ல கால்வாய் வேண்டும் என்று ஜோசையா வாதாடினார். ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். 1766-ம் ஆண்டு பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு ஜூலை 26-ந் தேதி முதல் மண்ணை வெட்டி எடுத்தவரே அவர்தான்.

ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் வேலையை நடத்தினார். மலையைக் குடைந்துகொண்டு கால்வாய் சென்றது. அவர் 1772-ம் ஆண்டு இறந்துவிட்டார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1777-ம் ஆண்டு கால்வாய் முடிந்தது. நீளம் 90 மைலுக்கு மேல்!

பாத்திரங்கள் படகில் ஆடாமல் அசையாமல் போயின.

காலை எடுத்தார்கள்

தொழில் வளர்ந்தது. ஆனால் முழங்கால் வலியும் வளர்ந்தது. பல நாள் எழுந்திருக்கவே முடியாது.

ஜோசையா யோசித்தார். இந்தக் கால் இருந்து என்ன பயன்? வேலையைக் கெடுக்கிறது. ஒரு நாள் உயிரையும் கெடுக்கும்.

காலை எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

1768-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி. அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு இன்றைய மயக்க மருந்து கிடையாது. அது வழக்கத்துக்கு வர இன்னும் 78 ஆண்டு இருந்தது. காலை எடுத்தவர்களில் பலர் பிழைப்பதில்லை.

ஜோசையா நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலுக்கு மேலே அறுத்தார்கள். அவர் கத்தவில்லை, கதறவில்லை.

சாரா புண்ணுக்குக் கட்டுப் போட்டார். தொழில் கடிதங்களையும் கவனித்துக்கொண்டார். அந்த ஆண்டிலேயே இன்னொரு அடியும் விழுந்தது. கைக்குழந்தை ரிச்சர்டு இறந்துபோனான்.

இரண்டு துயரையும் தாங்கிக்கொண்டு ஜோசையா எழுந்தார். மரக்கால் பொருத்திக்கொண்டார். பிற்காலத்தில் அந்த மே மாத நாளைக் காலெடுத்த திருநாள் என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவார்.

எட்ரூரியா

கால்வாய் போகும் வழியில் நிலம் வாங்கிப் புதிய தொழிற்சாலை கட்டினார். தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டினார். அந்த இடத்துக்கு எட்ரூரியா என்று பெயர் சூட்டினார்.

எட்ரூரியா என்பது இத்தாலி நாட்டின் ஒரு பழைய பகுதி. அங்கே பூமியைத் தோண்டியபோது அழகான பழைய ஜாடிகள் கிடைத்தன. பொம்பெயி போன்ற புதையுண்ட நகரங்களையும் அப்பொழுது தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பா முழுவதும் பழங்காலக் கலை என்றால் ஒரே மோகம்.

அந்த ஜாடிகள் எட்ரூரியா மக்கள் செய்தவை என்று அன்று நம்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிரேக்கர்கள் செய்தவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது!

1769-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி தொழிற்சாலை திறப்பு விழா. பென்ட்லி சக்கரத்தைச் சுற்றினார். ஜோசையா வனைந்தார். ஆறு ஜாடிகள் உருவாயின.

காலால் சக்கரம் உதைக்க முடியாத பையனுக்கு, அன்று சக்கரம் சுற்ற நண்பர் இருந்தார்!

தொழிற்சாலையில் வேலைகள் பிரிக்கப்பட்டன. வனைபவர் வனைவார். கைப்பிடி ஒட்டுபவர் அதை மட்டும் செய்வார். மணி அடித்தால் வேலைக்கு வந்துவிட வேண்டும். தாமதமாக வந்தால் அபராதம். முதலாளி கண்டிப்பானவர். நோயுற்ற தொழிலாளர்களுக்கு உதவ ஒரு நிதியும் இருந்தது.

குறையுள்ள ஜாடியைக் கண்டால் மரக்காலால் உடைத்துவிடுவார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, குறையுள்ள பொருள் தம் பெயரில் வெளியே போவதை அவர் பொறுத்ததில்லை.

தவளைத் தட்டு

1773-ம் ஆண்டு ரஷ்ய மகாராணி காதரீன் பெரிய ஆர்டர் கொடுத்தாள். ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குப் பாத்திரங்கள் வேண்டும். மொத்தம் 952 உருப்படிகள். எல்லாவற்றிலும் இங்கிலாந்தின் இயற்கைக் காட்சிகளையும் மாளிகைகளையும் எழுத வேண்டும். ஒரு காட்சி மறுபடி வரக் கூடாது!

மகாராணியின் புதிய மாளிகை தவளைகள் நிறைந்த சதுப்பு நிலத்தில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பச்சைத் தவளை வேண்டும்.

1,200-க்கும் மேற்பட்ட காட்சிகளை எழுதினார்கள். 1774-ம் ஆண்டு வேலை முடிந்தது. அனுப்புவதற்கு முன் லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். சார்லட் ராணியே வந்து பார்த்தார்.

இதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஐரோப்பா முழுவதும் வெட்ஜ்வுட்டின் பெயர் பரவியது.

நீல மண்

இத்தனை புகழ் வந்தும் ஜோசையாவின் மனத்தில் ஓர் ஆசை நிறைவேறாமல் இருந்தது.

பழைய ரோமானியச் சிற்பிகள் ஒரு வித்தை செய்தார்கள். இரண்டு நிற அடுக்கு உள்ள கல்லை எடுப்பார்கள். மேலே வெள்ளை, கீழே கருமை. வெள்ளை அடுக்கில் உருவத்தைச் செதுக்குவார்கள். சுற்றியுள்ள வெள்ளையை நீக்கிவிடுவார்கள். கறுப்புத் தளத்தில் வெள்ளை உருவம் மின்னும்.

அத்தகைய கற்களை ராஜாக்களும் பிரபுக்களும்தான் வாங்க முடியும். அதையே மண்ணில் செய்தால் என்ன?

இதற்குச் சாதாரண மண் உதவாது. பளிங்கு போல வேகவேண்டும். நிறம் உள்ளே ஊற வேண்டும். மெருகு பூசக் கூடாது. பூசினால் உருவத்தின் நுட்பம் மறைந்துவிடும்.

நல்ல வெள்ளை மண்ணைத் தேடி, முன்பே 1767-ம் ஆண்டில் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பினார். அங்கே செரோக்கி இன மக்கள் வாழும் மலைப் பகுதியிலிருந்து சுமார் 5 டன் மண் வந்து சேர்ந்தது. செலவோ மலைபோல் ஆயிற்று.

1770-களில் சோதனை தீவிரமாக நடந்தது. நூறல்ல, ஆயிரமல்ல, பல ஆயிரம் சோதனைகள்! பல்வேறு கற்களைப் பொடி செய்து மண்ணோடு கலந்தார். சிறு சில்லுகளாகச் செய்து, எண் போட்டுச் சூளையில் வைத்தார்.

ஒரு சில்லு வெடித்தது. ஒரு சில்லு உருகியது. இன்னொன்றில் நீலம் கசிந்து வெள்ளையைக் கறையாக்கியது.

கடைசியில் டெர்பிஷயர் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் கனமான வெள்ளைக் கல் ஒன்று கைகொடுத்தது. அதில் இருப்பது பேரியம் சல்பேட் என்ற பொருள். அதைப் பொடி செய்து சேர்த்தால் மண் பளிங்கு போல வெந்தது. கோபால்ட் சேர்த்தால் அழகிய நீலம் கிடைத்தது.

அப்படியும் தொல்லை தீரவில்லை. இந்தச் சூளையில் நன்றாக வந்தது அடுத்த சூளையில் கெட்டுவிடும். வாங்கிய ஆர்டரை அனுப்ப முடியாமல் தவித்தார். 1777-ம் ஆண்டு முடிவில்தான், இனி நிச்சயமாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது.

நீலம் மட்டுமல்ல. இளம்பச்சை, ஊதா, மஞ்சள், கறுப்பு ஆகிய நிறங்களிலும் ஜாஸ்பர் வந்தது.

உருவம் எப்படி ஒட்டுகிறது?

முதலில் சிற்பி மெழுகில் உருவம் செய்வார். அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். ஈரத்தை உறிஞ்சும் சுண்ண அச்சில் வெள்ளை மண்ணை விரலால் அழுத்தி நிரப்புவார்கள். மிச்சத்தை வழித்துவிடுவார்கள்.

அச்சு ஈரத்தை உறிஞ்சியதும் உருவம் தானாகக் கழன்று வரும். இலை போல மெல்லியதாக இருக்கும். பச்சை மண்ணாக உள்ள நீல ஜாடியின் மேல் தண்ணீர் தடவி அதை ஒட்டுவார்கள். கை நடுங்கினால் உருவம் கோணிவிடும்.

பிறகு சூளைக்குப் போகும். மண் வேகும்போது சுருங்கும். நீல மண்ணும் வெள்ளை மண்ணும் ஒரே அளவு சுருங்க வேண்டும். கொஞ்சம் வேறுபட்டாலும் உருவம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

உருவம் செய்ய நல்ல சிற்பிகளை ஜோசையா தேடிப் பிடித்தார். அவர்களில் ஒருவர் ஜான் பிளாக்ஸ்மன். 1775-ம் ஆண்டு வேலைக்கு வந்தபோது 20 வயது இளைஞர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய சிற்பிகளில் ஒருவர் ஆனார்.

முதலில் சிறு பதக்கம், மோதிரம், பொத்தான் இவைதான் ஜாஸ்பரில் வந்தன. பிறகு பெரிய ஜாடிகளும் வந்தன. ராஜாக்களின் விரலில் இருந்த அழகு, நடுத்தரக் குடும்பத்துச் சுவரிலும் மேஜையிலும் இடம் பிடித்தது.

நண்பர் மறைந்தார்

1780-ம் ஆண்டு நவம்பரில் பென்ட்லி இறந்துவிட்டார். ஜோசையா இடிந்துபோனார். எந்தச் சோதனை முடிந்தாலும் முதல் கடிதம் பென்ட்லிக்குத்தான் போகும். இனி யாருக்கு எழுதுவது?

துயரை வேலையில் மறந்தார். சூளையின் சூட்டை அளக்க அப்பொழுது கருவி இல்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்து, குத்துமதிப்பாகச் சொல்வார்கள். மண் சூட்டில் சுருங்குகிறது அல்லவா? அந்தச் சுருக்கத்தையே அளவுகோலாக்கினார். சிறு மண் துண்டுகளைச் சூளையில் வைத்து எடுத்து, எவ்வளவு சுருங்கின என்று அளந்தார்.

1782-ம் ஆண்டு இதை ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்கு எழுதினார். அடுத்த ஆண்டு அந்தச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. குயவர் மகன் விஞ்ஞானிகள் நடுவே உட்கார்ந்தார்!

சங்கிலி அணிந்த மனிதன்

அந்தக் காலத்தில் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, அமெரிக்கக் கண்டத்திலும் தீவுகளிலும் அடிமைகளாக விற்றார்கள். இங்கிலாந்து வியாபாரிகள் அதில் பெரும் பணம் குவித்தார்கள்.

இதை ஒழிக்க 1787-ம் ஆண்டு லண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. ஜோசையா அதில் சேர்ந்தார்.

தம் தொழிற்சாலையில் ஒரு சிறிய பதக்கம் செய்யச் சொன்னார். சிற்பி வில்லியம் ஹாக்வுட் உருவம் அமைத்தார். வெள்ளைத் தளத்தில் கறுப்பு மனிதன் மண்டியிட்டிருக்கிறான். கையிலும் காலிலும் சங்கிலி. தானும் ஒரு மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா என்று அவன் கேட்பதாகச் சுற்றிலும் எழுத்து.

இதை அவர் விற்கவில்லை. தம் செலவில் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1788-ம் ஆண்டு அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் அனுப்பினார். பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். அலங்காரத்துக்கு வாங்கிய நகை, அடிமையின் துயரைப் பேசியது.

இங்கிலாந்து 1807-ம் ஆண்டு அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதைப் பார்க்க ஜோசையா உயிரோடு இல்லை.

கடைசிப் பரீட்சை

இத்தாலியிலிருந்து ஒரு பழைய கண்ணாடி ஜாடி இங்கிலாந்துக்கு வந்தது. ரோமானியர்கள் செய்தது. வயது 1,700 ஆண்டுக்கு மேல். கருநீலக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடியில் செதுக்கிய உருவங்கள். போர்ட்லண்டு பிரபுவின் வசம் வந்ததால், போர்ட்லண்டு ஜாடி என்று அதற்குப் பெயர்.

1786-ம் ஆண்டு அதைப் பிரபுவிடம் இரவல் வாங்கினார் ஜோசையா. அதைப் போலவே ஜாஸ்பரில் ஒன்று செய்வது என்று தீர்மானித்தார். அப்பொழுது அவருக்குச் சுமார் 56 வயது. நாடறிந்த செல்வர். இனிமேல் கஷ்டப்படவேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் மறுபடி சோதனை தொடங்கியது. ஒரு ஜாடி சூளையில் விரிசல் விட்டது. ஒரு ஜாடியில் கொப்புளம். ஒரு ஜாடியில் உருவம் உரிந்தது. கண்ணாடியில் வெள்ளை மெலியும் இடத்தில் கீழேயுள்ள கருமை நிழலாகத் தெரியும். மண்ணில் அதைக் கொண்டுவருவது எளிதா?

மூன்று ஆண்டு போயிற்று. 1789-ம் ஆண்டு நல்ல ஜாடி ஒன்று முழுசாக வெளியே வந்தது! தம் நண்பரும் டாக்டருமான எராஸ்மஸ் டார்வினுக்கு ஒன்றை அனுப்பினார். 1790-ம் ஆண்டு ராணியிடம் காட்டினார். லண்டனில் காட்சிக்கு வைத்தார். புகழ்பெற்ற ஓவியர் ஜோசுவா ரெனால்ட்ஸ், அசலைப் போலவே இருக்கிறது என்று சான்று அளித்தார்.

1845-ம் ஆண்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் குடிபோதையில் இருந்த ஒருவன் அசல் ஜாடியைச் சுக்குநூறாக உடைத்துவிட்டான். துண்டுகளைச் சேர்த்து ஒட்டினார்கள். உடைவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று சொல்ல ஜோசையாவின் ஜாடிகள் சாட்சியாக இருந்தன.

எண் போட்ட சில்லுகள்

1795-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, எட்ரூரியாவில் ஜோசையா வெட்ஜ்வுட் காலமானார். வயது 64. ஸ்டோக் நகரத்து மாதாகோவிலில் நினைவுச் சின்னம் உண்டு. அதைச் செதுக்கியவர், அவரிடம் முன்பு வேலை செய்த பிளாக்ஸ்மன்.

ஜோசையாவின் மூத்த மகள் சுசானா, எராஸ்மஸ் டார்வினின் மகனை மணந்தார். அவர்களுடைய பிள்ளைதான் உயிர்களின் தோற்றம் பற்றி ஆராய்ந்த சார்லஸ் டார்வின். பாட்டனார் இருவருமே சோதனைப் பிரியர்கள்!

எட்ரூரியா தொழிற்சாலை 1950-ம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன்பே 1940-ம் ஆண்டு பார்லஸ்டன் என்ற இடத்தில் புதிய தொழிற்சாலை தொடங்கிவிட்டது. பின்னாளில் கம்பெனி நொடித்தது. அதன் பொருட்காட்சி சாலையில் இருந்த அரிய பொருள்கள் ஏலம் போகும் நிலை வந்தது. 2014-ம் ஆண்டு பொதுமக்களும் அறநிலையங்களும் பணம் திரட்டி அவற்றைக் காப்பாற்றினார்கள்.

அந்தப் பொருள்களில் ராணிப் பாத்திரம் உண்டு. போர்ட்லண்டு ஜாடியின் பிரதி உண்டு. அவற்றோடு சில தட்டங்களும் உண்டு. தட்டம் நிறையச் சிறு சிறு மண் சில்லுகள். சில நல்ல நீலம். சில வெளிறிப் போனவை. சில கறை படிந்தவை. எல்லாவற்றிலும் எண்.

அவை ஜாஸ்பர் சோதனையில் மிஞ்சியவை. வேறு யாராக இருந்தாலும் குப்பையில் கொட்டியிருப்பார்கள். ஜோசையா எண் போட்டு, நோட்டில் எழுதி, பத்திரமாக வைத்தார்.

அந்தச் சில்லுகளின் மேல்தான் நீல ஜாடி நிற்கிறது.